எடுக்கக் கூடாத போன்

மூன்றாவது மணி அடித்து முடிந்ததும் கணினி போனை எடுத்தது. மேசைக்கு அடியில் கிடந்த மோடம் வழக்கம்போலக் கரகரத்து, கீச்சிட்டு, எதிர்ப்பக்கத்தோடு சமாதானமாகி அடங்கியது. திரையில் ஒரு சின்னக் கட்டம் திறந்தது. அதற்குள் ஒரு வெள்ளைத் தாள் மேலிருந்து கீழாக, வரிவரியாக நிரம்பத் தொடங்கியது. முதல் வரி எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்: பரிசோதனைக்கூடத்தின் எண், தேதி, நேரம், வலது ஓரத்தில் பக்க எண். ரிப்போர்ட்டக்கா அந்த வலது ஓரத்தை மட்டும்தான் பார்த்தாள். இரண்டு பக்கத்தில் முதல் பக்கம் என்று போட்டிருந்தது. பெயர் வருவதற்கு இன்னும் நாலைந்து வரி இருந்தது. அதற்குள் அவள் கை தானாகப் போய் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டது.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய அடையாள அட்டையில் இருந்ததோடு சரி. பதினெட்டு வருடமாக அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, வெளியூர்ப் பரிசோதனைக்கூடத்திலிருந்து வரும் முடிவுகளை வாங்கி, அச்செடுத்து, உறையில் போட்டுக் கொடுக்கிறவளுக்கு ரிப்போர்ட்டக்கா என்பதைத் தவிர வேறு பெயர் தங்குமா? அவளைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். மேசைமேல் இரண்டு போன் இருந்தன. ஒன்று ஊரார் எல்லோருக்கும். மற்றது கணினிக்கு மட்டும். அது அடித்தால் மனிதர் யாரும் எடுக்கக் கூடாது, மூன்று தடவை அடித்ததும் கணினியே எடுத்துக்கொள்ளும். அவசரக்குடுக்கை யாராவது கையால் எடுத்தால் காதில் ஒரு கீச்சல் கேட்கும், வந்துகொண்டிருந்த ரிப்போர்ட் பாதியில் போய்விடும். புதிதாக வரும் நர்சுகளுக்குக் கழிப்பறை எங்கே என்று காட்டுவதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுப்பாள்.

இத்தனை வருடத்தில் அவள் மருத்துவம் படிக்கவில்லை. ஆனால் தாளை எண்ணப் படித்திருந்தாள். வெட்டியெடுத்து அனுப்பிய கட்டி சாதுவானது என்றால் ரிப்போர்ட் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். சொல்வதற்கு அதிகம் இருக்காது. கெட்ட கட்டி என்றால் இரண்டாவது பக்கம் வரும். எந்த வகை, எவ்வளவு ஆழம், எங்கெங்கே பரவியிருக்கலாம் என்று கட்டம் போட்டு ஒரு பட்டியல் இருக்கும். யாரும் இதை விதியென்று எழுதி வைக்கவில்லை. ஆனால் பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட அது பொய்த்ததில்லை. அதனால்தான் உறையை வாங்க வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் கொடுக்கப் பழகியிருந்தாள். அவர்கள் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

போன வாரம் அவளுடைய இடது அக்குளுக்குக் கீழே இருந்து பட்டாணி அளவில் ஒன்றைப் பெரிய டாக்டர் எடுத்தார். வீட்டில் கொழுப்புக் கட்டி என்று சொல்லிவைத்திருந்தாள். வீட்டுக்காரர் நம்பினார். அவள் சொன்னால் எதையும் நம்புகிற மனிதர் அவர், அதுவே இப்போது பெரிய பாரமாக இருந்தது. அந்த வாரம் கூடத்துக்குக் கட்டி அனுப்பிய ஆறு பேருக்கும் சீட்டை அவள்தான் டைப் செய்தாள். ஐந்தாவது சீட்டில் தன் பெயரையும் வயதையும் அடிக்கும்போது எழுத்துப்பிழை இரண்டு தடவை வந்தது. இன்று காலை பத்து மணிக்குள் நாலு ரிப்போர்ட் வந்துவிட்டன. நாலும் ஒரே பக்கம். மிச்சம் இரண்டு. ஒன்று மேலே மூன்றாம் அறையில் படுத்திருக்கும் லாரி டிரைவருடையது. இன்னொன்று அவளுடையது.

அந்த இரண்டு பக்கம் யாருடையது என்று யோசிக்கிற நிதானம் அவளுக்கு வரவில்லை. மனசு என்பது கெட்டதைத்தான் முதலில் கை நீட்டி வாங்கிக்கொள்ளும். பாதியில் நின்ற ஃபேக்ஸைப் பரிசோதனைக்கூடம் பத்து நிமிடத்தில் மறுபடி அனுப்பும். மூன்று தடவை போகவில்லையென்றால் மெயிலில் ஒரு குறிப்பு வரும். அவளுக்குத் தெரியாததா? அந்தப் பழைய மெயில் நிரலைத் திறந்து, சேவைகள் என்ற பட்டியலுக்குப் போனாள். அதில் மூன்று வரி இருந்தது: மெயில், ஃபேக்ஸ், முகவரிப் புத்தகம். ஃபேக்ஸைத் தொட்டு நீக்கு என்றாள். உறுதியாகவா என்று கேட்டது. ஆமாம் என்றாள். மெயிலையும் அப்படியே செய்தாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று ஊருக்கெல்லாம் சொன்னவள்தான். திரையில் முகவரிப் புத்தகம் மட்டும் தனியாக நின்றது. அவள் எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு ஐந்து நிமிடத்துக்கு நிஜமாகவே நிம்மதியாக இருந்தது.

போன் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலு. ஐந்து. அந்த போன் இதுவரை நாலாவது மணி அடித்ததே இல்லை. பதினொன்று வரை எண்ணினாள்.

"அக்கா, போன் அடிக்குதே, எடுக்கலையா?"

எதிரே பெஞ்சில் லாரி டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். தையல்காரி. கழுத்தில் அளவு நாடா தொங்க, மடியில் துணியை வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். இந்த நாலு நாளாக அவளுக்குக் கடையும் வீடும் அந்த பெஞ்சுதான்.

"அது எடுக்கக் கூடாத போன். மெஷினே எடுத்துக்கும்" என்றாள் ரிப்போர்ட்டக்கா.

"எடுக்க மாட்டேங்குதே."

"எடுக்கும்."

எடுக்கவில்லை. நின்றது. பத்து நிமிடம் கழித்து மறுபடி அடித்தது. அந்த அறையில் ஒரு குழந்தை அழுதாலும் யாராவது தூக்கிவிடுவார்கள். இதை யாரும் தொடக் கூடாது என்று சட்டம் போட்டவளே அவள்தானே? ஒவ்வொரு மணியும் முதுகுத்தண்டில் விழுந்தது. மூன்றாவது முறை அடித்து ஓய்ந்தபோது அவள் ரவிக்கை முதுகில் ஒட்டியிருந்தது.

பதினொன்றரைக்குப் பெரிய டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை, அதனால் அவர் வேகமாக நடந்தாலே எல்லோருக்கும் பயம்.

"லேப்ல பேசினேன்மா. மூணு தடவ அனுப்பிட்டாங்களாம், நம்ம பக்கம் எடுக்கவே இல்லையாம். மெயிலும் போட்டாங்களாம். வந்துச்சா?"

"இல்ல சார். என்னன்னு தெரியல. காலையில நல்லாத்தான் இருந்துச்சு."

பொய் எவ்வளவு சரளமாக வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம்.

"போன்ல படிச்சுக் காட்டச் சொன்னேன், மாட்டேன்னுட்டாங்க. ஒரு தடவ யாரோட ரிப்போர்ட்டோ யாருக்கோ போயிடுச்சாம், அதுல இருந்து இந்த ரூல். நம்ம மெயில்ல இருந்து எழுத்துல பதில் போனாத்தான் திரும்ப ஃபேக்ஸ் பண்ணுவாங்க. ஒரு மணிக்கு மூடிட்டா அப்புறம் மூணு நாள் லீவு." டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் பெஞ்சு பக்கத்தில்தான் இருந்தது. "நாளைக்கு சர்ஜன் வர்றார். அவரை விட்டா அடுத்த மாசம்தான். டிரைவருக்குக் கட்டிய மட்டும் எடுக்கிறதா, சுத்தி இருக்கிறதையும் சேர்த்து எடுக்கிறதான்னு ரிப்போர்ட் பாக்காம அவர் கத்தியத் தொட மாட்டார்." போகத் திரும்பியவர் நின்று, இன்னும் மெதுவாகச் சொன்னார். "உங்களோடதும் அதுலதானே இருக்கு. பயப்படாதீங்க. நம்ம மெக்கானிக் ரீஸ்டார்ட்டுக்குச் சொல்லிட்டேன், வந்துட்டு இருக்கார்."

தையல்காரியின் ஊசி நின்றது. அவள் நிமிர்ந்து ரிப்போர்ட்டக்காவைப் பார்த்தாள். ஏதாவது கேட்டிருந்தால்கூடத் தேவலை.

இப்போதுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. இதுவரை இருந்தது தன் உடம்பைப் பற்றிய பயம், அதை எப்படியோ மடியில் மறைத்து வைத்துக்கொள்ள முடிந்தது. இது வேறு. மேலே ஒரு மனிதன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். ஒரு மாதம் தள்ளிப்போனால் அவனுக்குள் இருப்பது சும்மா இருக்குமா? அவள் தன் தாளுக்குப் பயந்து அவன் தாளையும் சேர்த்துப் பூட்டிவிட்டாள். அதைச் செய்தது அவள் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்பதை நினைக்கவும் முடியவில்லை. இப்போதே அந்தப் பட்டியலைத் திறந்து திரும்பப் போட்டுவிடலாம் என்று இரண்டு தடவை முயன்றாள். எடுத்துப் போடுவது சுலபம். திரும்பச் சேர்க்கப் போனால் அது நிரல் வந்த பழைய குறுந்தட்டைக் கேட்டது, எண்ணைக் கேட்டது, அவளுக்குப் புரியாத எதையெல்லாமோ கேட்டது. மூடிவைத்தாள்.

ரீஸ்டார்ட் பன்னிரண்டடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்து சேர்ந்தார். அறுபதை நெருங்கிய கணினி மெக்கானிக். எந்த வியாதிக்கும் அவருடைய முதல் மருந்து மெஷினை அணைத்துப் போடுவதுதான், பட்டம் அப்படி வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இந்த நிரலைப் பார்த்தால் அருங்காட்சியகத்துக்கு போன் போடுவார்கள், அதனால் ஆஸ்பத்திரிக்கு அவரை விட்டால் கதியில்லை. வந்ததும் அணைத்துப் போட்டார். கணினி கிழவன் எழுந்திருப்பதுபோல முனகி எழுந்தது. மெயிலைத் திறந்தார். பட்டியலுக்குப் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"அட. சட்டிய வழிச்சுத் தொடச்சு வெச்ச மாதிரில்ல இருக்கு."

அவள் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"வைரஸாம்மா இது? வைரஸ்னா கண்ணுல பட்டதையெல்லாம் தின்னுட்டுப் போகும். இப்படி நிதானமா உக்காந்து ரெண்ட மட்டும் பொறுக்கி எடுக்காது. கரண்டு போனாலும் இப்படி ஆகாது." அவர் திரும்பி அவளைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். பிறகு பையைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட குறுந்தட்டுக் கட்டை எடுத்தார். "சரி. ஃபேக்ஸ் இதுல நேரா வராது. தட்டுல ஒரு மூலையில ஒளிச்சு வெச்சிருப்பான். தோண்டி எடுக்கணும்."

தோண்டி எடுத்தார். ஒரு நீலப் பட்டை நத்தையாக நகர்ந்தது. பன்னிரண்டு ஐந்து, பன்னிரண்டு பத்து. சுவர்க் கடிகாரத்தை அவள் அதற்கு முன் அவ்வளவு தடவை பார்த்ததில்லை. கணினியின் அமைப்புப் பக்கத்தில், காலையில் இருந்து காணாமல் போயிருந்த மெயிலும் ஃபேக்ஸும் சேர்ந்த சின்னப் படம் திரும்ப வந்து உட்கார்ந்தது. அவர் பட்டியலில் ஃபேக்ஸைச் சேர்த்தார். நம்பர் கேட்டது, அவள் சொன்னாள். எத்தனை மணி அடித்ததும் எடுக்க வேண்டும் என்று கேட்டது.

"மூணு" என்றாள்.

மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்து மெயிலைச் சேர்த்தார். பெயர், முகவரி எல்லாம் அவருக்கே தெரிந்திருந்தது. கடைசியில் ஒரு வெறும் கட்டம் வந்து நின்றது.

"பாஸ்வேர்டு."

அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பதினெட்டு வருடத்தில் டாக்டரிடம்கூடச் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. அந்தக் கட்டத்துக்குள் துடிக்கும் சின்னக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறந்துபோச்சு என்று ஒரு வார்த்தை போதும். யார் மறக்கவில்லை? பயத்தில் மறந்துவிட்டது, பாவம், அவளுக்கே உடம்பு சரியில்லை என்பார்கள். ஒரு மணி அடித்துவிடும். மூன்று நாள் அவளுக்கு ஒன்றும் இருக்காது. மூன்று நாள் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து டீ குடிக்கலாம், மூன்று நாள் அது கொழுப்புக் கட்டியாகவே இருக்கும். பேராசைதான். ஆனால் சாகப் பயந்தவளுக்கு மூன்று நாள் என்பது சின்னதாகவா தெரியும்?

"அக்கா, இதப் பாருங்களேன்" என்றாள் தையல்காரி பெஞ்சிலிருந்து. அவள் கையில் ஒரு சட்டையை விரித்துப் பிடித்திருந்தாள். தோளில் இருந்து இடுப்பு வரை பக்கவாட்டில் திறப்பு வைத்து, நாடா போட்டுக் கட்டுகிற மாதிரி தைத்திருந்தாள். "ஆபரேஷனுக்கு அப்புறம் கையத் தூக்க முடியாதுன்னாங்க. அதான் படுத்தபடியே போட்டுவிடுற மாதிரி. நாலு தச்சிருக்கேன். நீங்க எத்தன பேர பாத்திருப்பீங்க, சொல்லுங்க. நாலு போதுமா?"

நாலு போதுமா என்பதற்கு அவளிடம் என்ன பதில் இருக்கிறது? இரண்டாவது பக்கம் வந்தால் போதாது. வராவிட்டால் ஒன்றுகூட அதிகம். அந்தச் சட்டையின் நாடா முடிச்சு ஒவ்வொன்றும் ஒரே அளவில் இருந்தது. கை நடுங்காமல் தைத்திருக்கிறாள். கணவன் மேலே படுத்திருக்க, கீழே உட்கார்ந்து, ஒரு தையல் பிசகாமல்.

"போதும்மா. நல்லா தச்சிருக்க" என்று எப்படியோ சொன்னாள். பிறகு மெக்கானிக்கின் காதருகே குனிந்தாள். "நான்தான் எடுத்தேன். ரெண்டையும்."

ரீஸ்டார்ட் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "யாரு எடுத்தான்னு மெஷின் எழுதி வெக்காதும்மா. நேரமாச்சு. டைப் பண்ணுங்க."

அவள் குனிந்து டைப் செய்தாள். முதல் தடவை தப்பு என்றது. இரண்டாவது தடவை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினாள். கட்டம் மூடிக்கொண்டது. மெயில் இறங்கியது. கூடத்தின் குறிப்பு முதலில் நின்றது: மூன்று முறை முயன்றோம், ஏற்கப்படவில்லை, இணைப்பு சரியானதும் இந்த முகவரியிலிருந்து பதில் அனுப்பவும். மணி பன்னிரண்டு நாற்பது. சரியாகிவிட்டது, அனுப்பவும் என்று இரண்டே சொல்லில் அவள் பதில் எழுதினாள். அனுப்பும் பொத்தானைத் தன் கையாலேயே அழுத்தினாள். ரீஸ்டார்ட் தட்டுகளுக்கு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு, டாக்டரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று மாடிக்குப் போனார்.

நாற்காலியில் உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. கணினி எடுத்தது. கரகரப்பு, கீச்சல், அமைதி. வெள்ளைத் தாள் இறங்கத் தொடங்கியது. வலது ஓரத்தில் மறுபடியும் அதே எண்: இரண்டு பக்கத்தில் முதல் பக்கம். இம்முறை அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். கூடத்தின் முத்திரை வந்தது. முகவரி வந்தது. ஒரு கோடு வந்தது. கோட்டுக்குக் கீழே பெயர், எழுத்தின் தலை மட்டும் முதலில், பிறகு உடம்பு.

அது அவள் பெயர் இல்லை.

அப்பாடா என்றது அவளுக்குள் ஒரு குரல். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் உடம்பு முழுக்கச் சொன்னது. தோள் இறங்கியது, மூச்சு வந்தது, கண்ணில்கூட நீர் கோத்துக்கொண்டது. ஒரு நிமிடம், முழுதாக ஒரு நிமிடம், அவள் சந்தோஷமாக இருந்தாள். பக்கத்தில் அச்சு இயந்திரம் முதல் தாளைத் துப்பியது. பிறகு இரண்டாவதை. அவற்றை அவள் எடுத்துச் சேர்த்தபோதுதான், எதற்காகச் சந்தோஷப்பட்டோம் என்பது உறைத்தது. லாரி டிரைவரின் பெயர். கட்டம் போட்ட பட்டியல். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. தாள்களைக் கவிழ்த்து மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

தையல்காரி எழுந்து வந்துவிட்டாள். அவள் தாளைப் பார்க்கவில்லை. ரிப்போர்ட்டக்காவின் முகத்தைத்தான் பார்த்தாள், வெளுத்துப்போய், கண்ணில் நீரோடு இருந்த முகத்தை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் டாக்டர் சொன்ன அந்த ஒரு வரிதான்.

"உங்களோடது வந்துடுச்சாக்கா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

கணினியின் போன் மறுபடி அடித்தது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். இருவரும் திரும்பி அதைப் பார்த்தார்கள். ரிப்போர்ட்டக்கா தாளின்மேல் இருந்த கையை எடுக்கவில்லை.

"ஒண்ணும் இருக்காதுக்கா. நான் இருக்கேன்ல" என்று சொல்லி, தையல்காரி அந்தக் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். அவற்றுக்கு அடியில் அவளுடைய கை. அதற்கும் அடியில், கவிழ்த்து வைத்த இரண்டு தாள்கள் இன்னும் சூடு ஆறாமல் கிடந்தன. போன் இரண்டாவது மணியை அடித்தது.